சூப்பர்ஹீரோவுக்கு நரை விழலாமா?

ஸ்பைடர்மேனின் கல்யாணத்தை ஒரு சாத்தான் வாங்கிக்கொண்டு போனான். 2007-ன் கடைசியில் வந்த கதை அது. ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கரைக் குறிவைத்த தோட்டா, அவனை வளர்த்த பெரியம்மா மே மீது பாய்ந்துவிடுகிறது. டாக்டர்கள் கைவிரித்த நிலையில் மெஃபிஸ்டோ என்ற சாத்தான் வந்து பேரம் பேசுகிறான். பெரியம்மாவின் உயிரைத் திருப்பித் தருகிறேன், உன் ஆத்மா எனக்கு வேண்டாம், உனக்கும் மேரி ஜேனுக்கும் நடந்த கல்யாணத்தைக் கொடு என்கிறான். இருவரும் ஒத்துக்கொள்கிறார்கள். அதே கதையில் செம்பட்டை முடியோடு ஒரு சின்னப் பெண் பீட்டரிடம் வந்து பேசியிருப்பாள். அவள் இவர்களுக்குப் பிறந்திருக்க வேண்டிய மகள் என்பது பேரத்தின்போதுதான் தெரியவரும். விடிந்து பார்த்தால் பீட்டர் ஒண்டிக்கட்டையாகப் பெரியம்மா வீட்டில் படுத்திருக்கிறான். கல்யாணம் நடந்ததே யாருக்கும் நினைவில்லை.

அந்தக் கல்யாணம் 1987-ல் ஊரறிய நடந்தது. நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் நடிகர்களுக்கு வேஷம் போட்டு நிஜச் சடங்கு போலவே நடத்தினார்கள். ஸ்பைடர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஸ்டான் லீயே முன்னின்று நடத்திவைத்தார். இருபது வருடம் குடும்பம் நடத்திய ஒருவனை மறுபடி பிரம்மச்சாரி ஆக்குவதற்கு மார்வெல் நிறுவனம் சாத்தானைக் கூப்பிட்டது ஏன்? அப்போது தலைமை ஆசிரியராக இருந்த ஜோ கெசாடா காரணத்தை ஒளிக்கவில்லை. கல்யாணம் ஆன பீட்டர் வயதானவனாகத் தெரிகிறான், கதைகளுக்கான வழி அடைபடுகிறது என்றார். விவாகரத்து செய்தாலும் மனைவியைச் சாகடித்தாலும் இன்னும் வயதானவனாகத் தெரிவான். அதனால் நடந்ததையே நடக்காததாக்கிவிட்டார்கள்.

எங்கள் குமரி மாவட்டத்தில் இந்தப் பேச்சு எடுபடுமா என்று கேட்பவர்கள் உண்டு. எடுபடும். நாகர்கோவிலில் பழைய புத்தகம் தேடி அலைபவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் மூன்றையும் கட்டிக் காப்பாற்றி வைத்திருக்கும் ஐம்பது வயதுக்காரர்கள் இங்கே நிறைய. அவர்களுடைய பிள்ளைகள் மார்வெல் படங்களை வரிசைப்படி ஒப்பிக்கிறார்கள். எங்கள் அத்தான் ஒருவர் முதல் கூட்டம். ஒருநாள் சாயா குடிக்கும்போது இந்த ஸ்பைடர்மேன் விவகாரத்தைச் சொன்னேன். "கல்யாணம் கழிஞ்சு பிள்ளகுட்டி ஆன பெறவு அவன் எதுக்குடே செவுத்துல ஏறப் போறான்? செஞ்சது சரிதான்" என்றார். "அப்ப மாயாவிக்குக் கல்யாணம் ஆச்சே அத்தான், நீங்க வாசிக்கத நிறுத்தினியளா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது வேற" என்றார். அது எப்படி வேறு என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. அது உண்மையிலேயே வேறுதான்.

முதலில் கடிகாரம் எப்படி நின்றது என்று பார்ப்போம். ஸ்பைடர்மேன் 1962-ல் வந்தபோது பீட்டருக்கு வயது 15. ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் அவனை ஒரே வகுப்பில் உட்கார வைக்கவில்லை. 1965-ல் பள்ளிப் படிப்பை முடித்தான், அதே வருடம் கல்லூரியில் சேர்ந்தான். 1973-ல் காதலி க்வென் ஸ்டேசி செத்துப்போனாள், வாசகர்கள் அதிர்ந்துபோனார்கள். அவன் பட்டம் வாங்குவதற்கு 1978 ஆகிவிட்டது. பள்ளியை மூன்றே வருடத்தில் கடந்தவனுக்குக் கல்லூரியைக் கடக்கப் பதின்மூன்று வருடம். அந்த இடைவெளியில்தான் கதையின் போக்கு மாறியது. மாறுவது போலத் தோன்றினால் போதும், நிஜமாக மாற வேண்டாம் என்பது எழுதாத சட்டமாயிற்று. பீட்டர் அதற்குள் டிவி கார்ட்டூனிலும் பொம்மைக் கடையிலும் சட்டைத் துணியிலும் ஏறிவிட்டிருந்தான். பொம்மை விற்கிறவனுக்கு முகம் மாறக் கூடாது.

இதைவிடக் கொடுமை ஃப்ராங்க்ளின் ரிச்சர்ட்ஸின் கதை. மார்வெலின் ஃபென்டாஸ்டிக் ஃபோர் குழுவின் ரீடுக்கும் சூவுக்கும் 1965-ல் கல்யாணம், 1968-ல் பிள்ளை. அன்றைக்கு நம்மூரில் பிறந்த பிள்ளைக்கு இன்று பேரன் பேத்தி இருக்கும். ஃப்ராங்க்ளின் இன்னும் சிறுவன். மார்வெல் உலகத்தில் இதுவரை நடந்த அத்தனையும் கடந்த பத்துப் பதினைந்து வருடத்துக்குள் நடந்ததாகக் கணக்கு. நிஜ உலகில் வருடம் ஓட ஓட அந்தப் பதினைந்து வருடமும் கூடவே நகர்ந்து வரும். அதனால்தான் 1963-ல் வியட்நாமில் காயம்பட்ட அயர்ன்மேன் பிறகு ஆப்கானிஸ்தானில் காயம்பட்டவன் ஆனான்.

இத்தாலிய அறிஞர் உம்பர்ட்டோ எக்கோ 1962-லேயே சூப்பர்மேனை வைத்து இதை விளக்கினார். ஒருவன் எதையாவது செய்து முடித்தால் அவன் சாவை நோக்கி ஓர் அடி வைத்துவிட்டான் என்று பொருள். கல்யாணம் செய்துகொண்டால் இன்னோர் அடி. ஆனால் சூப்பர்மேன் மாதாமாதம் வர வேண்டும், அவன் தேய்ந்துபோகக் கூடாது. ஆகவே நேற்று, இன்று, நாளை எல்லாம் மங்கலாக ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கும் ஒரு காலத்தில் அவனை மிதக்க விடுகிறார்கள்.

இதற்கெல்லாம் கீழே ஒரு சொத்து விவகாரம் இருக்கிறது. சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் 1938-ல் அவன் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவன் ஒரு நிறுவனத்தின் சொத்து. எழுத்தாளனுக்குச் சாவு உண்டு, அலுப்பு உண்டு, இதோடு முடிக்கலாம் என்ற எண்ணம் ஒருநாள் வரும். நிறுவனத்துக்கு அது எதுவும் வராது. ஜப்பானில் பெரும்பாலும் கதை எழுதியவரின் கையில் இருக்கும். அகிரா தோரியாமா 1984-ல் தொடங்கி 1995-ல் முடித்த டிராகன் பால் தொடரில் கோகு வாலோடு திரியும் பொடியனாக வருகிறான். வளர்கிறான், கல்யாணம் கட்டுகிறான், இரண்டு ஆண்பிள்ளைகளுக்கு அப்பாவாகிறான், கடைசியில் ஒரு பேத்தியும் இருக்கிறாள். தாத்தாவான பிறகும் அவன் சண்டையில் ஒரு குறையும் இல்லை. உலகம் முழுக்கப் பிள்ளைகள் அவனைக் கொண்டாடினார்கள். கல்யாணம் ஆனால் வாசகன் ஓடிப்போவான் என்ற கணக்கு அங்கே பொய்த்துவிட்டது.

சரி, மாயாவிக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஃபேன்டம், முத்து காமிக்ஸில் வேதாளர், ராணி காமிக்ஸில் முகமூடி மாயாவி. லீ ஃபாக் 1936-ல் அவரைப் படைத்தபோதே ஒரு வழி செய்து வைத்திருந்தார். நாம் பார்க்கும் மாயாவி 21-வது மாயாவி. 1536-ல் கடற்கொள்ளையரால் தகப்பனை இழந்த ஒருவன் மண்டையோட்டின் மீது சத்தியம் செய்தான். அந்தச் சத்தியம் அப்பனிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு என்று வருகிறது. காட்டு மக்கள் அவருக்குச் சாவில்லை என்று நம்புகிறார்கள். வாசகனுக்கு மட்டும் மண்டையோட்டுக் குகைக்குள் இருபது மாயாவிகளின் கல்லறை தெரியும். அதாவது இந்த வீரன் கல்யாணம் செய்தே ஆக வேண்டும், பிள்ளை பெற்றே ஆக வேண்டும், ஒருநாள் செத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் 22-வது மாயாவி எங்கிருந்து வருவார்? 1977-ல் டயானாவுடன் கல்யாணம் நடந்தது. கிட், ஹெலோயிஸ் என்று இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள். அத்தான் வாசிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தத் தோன்றியிருக்காது. மாயாவியின் குடும்பமே கதைக்கு அஸ்திவாரம்.

கௌபாய் வீரர் டெக்ஸ் வில்லரையும் சொல்லியாக வேண்டும், தமிழ் காமிக்ஸ் வாசகர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடும் ஆள் ஆயிற்றே. அவர் சூப்பர்ஹீரோ கிடையாது. ஆனால் நவஹோ இனத்துப் பெண்ணைக் கட்டி, அவளைப் பறிகொடுத்து, மகன் கிட்டோடு சேர்ந்து குதிரையில் போகிறார். மகன் கூட வருவதால் அவர் பெருமை ஒரு துளியும் குறைந்ததில்லை.

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு. 2013-ல், சூப்பர்மேன், பேட்மேன் கதைகளை வெளியிடும் டிசி நிறுவனத்தில் பேட்வுமன் தொடரை எழுதிக்கொண்டிருந்த ஜே.எச். வில்லியம்ஸும் ஹேடன் பிளாக்மனும் நாயகியின் கல்யாணத்தை நிறுவனம் தடுத்துவிட்டது என்று சொல்லி விலகினார்கள். டிசியின் பொறுப்பில் இருந்த டேன் டிடியோ, வீரர்களுக்கு மகிழ்ச்சியான சொந்த வாழ்க்கை இருக்கக் கூடாது என்றார். மற்றவர்களைக் காப்பதற்காகத் தங்கள் சொந்த விருப்பங்களை எல்லாம் தியாகம் செய்தவர்கள் அவர்கள் என்பது அவர் தரப்பு. இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. பேட்மேனிடம் நமக்குள்ள பிரியமே அந்தத் துறவு மேல் உள்ள பிரியம்தான். முருகன் முதல் ஐயப்பன் வரை துறவுக்கோலம் பூண்ட தெய்வங்களைக் கும்பிடும் ஊர் நம்முடையது.

ஆனால் இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவன் செய்வதற்குத் தியாகம் என்று பெயரா? 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி புயல் எங்கள் கடற்கரையை உலுக்கியது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று மேற்குக் கடற்கரை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. அரசின் தேடுதல் போதாது என்று அந்த ஊர்க்காரர்களே தங்கள் படகுகளை எடுத்துக்கொண்டு தேடிப் போனார்கள். போனவர்கள் எல்லாரும் பெண்டாட்டி, பிள்ளை, தாய், தகப்பன் உள்ளவர்கள். வீடு இருப்பதால்தான் கடலுக்குப் போவது துணிச்சல் ஆகிறது. டிடியோவின் வீரனைவிட இவர்கள் ஒரு படி மேல் என்று நான் நினைக்கிறேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொரு வாதம் வியாபாரத்திலிருந்து வருவது. திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிய கதையில் ஆள் வளர முடியாது, வளர்ந்தால் கதை தீர்ந்துவிடும் என்கிறார்கள். கொடை விழாவுக்குப் போய் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த எவருக்கும் இது பொருந்தாத வாதம் என்று தெரியும்.

குமரியில் கொடைக்காலம் வந்தால் ஊருக்கு ஊர் வில் கட்டுவார்கள். சாமிக்கு எதிரே பந்தல். மணிகள் தொங்கும் நீண்ட வில்லைக் குடத்தோடு சேர்த்துக் கட்டி வைத்திருப்பார்கள். அண்ணாவி வீசுகோலால் நாணை அடித்துப் பாடுவார், பக்கத்தில் உடுக்கு, தாளம், கட்டை. அவர் ஒரு வரி சொல்லி நிறுத்தினால் பக்கப்பாட்டுக்காரர் "ஆமா" போட்டு அடுத்த வரிக்குத் தள்ளிவிடுவார். காப்பு பாடி, குருவை வணங்கி, அவையடக்கம் சொல்லி, நாட்டு வளம் பாடிய பிறகு கதை தொடங்கும். பிறப்பு, வளர்ப்பு, காதல், கல்யாணம், சண்டை, சாவு. சாவுக் கட்டம் வரும்போது அடி வேகமெடுக்கும், சாமியாடுபவருக்கு அருள் வரும். கடைசியில் வாழி பாடி முடிப்பார்கள். அடுத்த வருடம் அதே கோயிலில், அதே சாமிக்கு, மறுபடியும் காப்பிலிருந்து.

கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்குக் கதை மனப்பாடம். இன்ன இடத்தில் வெட்டுப்படுவான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் ஒவ்வொரு வருடமும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். திரும்பச் சொல்வதால் இந்தக் கதைகள் தேயவில்லை. காமிக்ஸ் நிறுவனங்கள் திரும்பச் சொல்வது ஒரு வாழ்க்கையின் நடுத்துண்டை மட்டும். தலையும் இல்லை, வாலும் இல்லை. வில் திரும்பச் சொல்வது முழு ஆயுளை. மாயாவியின் கல்லறைக் குகையும் இதே வேலையை வேறு விதத்தில் செய்கிறது. அத்தான் சொன்ன "வேற" இதுதான்.

முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பொதிகை அடிவாரத்துக் கதை, தென்கோடி வரை வில்லில் பாடப்படுவது. பிராமணனாகப் பிறந்த முத்துப்பட்டன் தோல் வேலை செய்யும் அருந்ததியர் குடும்பத்துப் பொம்மக்கா, திம்மக்கா என்ற சகோதரிகள் மேல் மனசை வைக்கிறான். அவர்கள் தகப்பன் வாலப்பகடை லேசில் சம்மதிக்கவில்லை. பூணூலையும் குடுமியையும் அறுத்துவிட்டு வா, எங்கள் தொழிலைச் செய், பிறகு பார்க்கலாம் என்கிறார். பட்டன் அப்படியே செய்கிறான். செருப்புத் தைக்கிறான், மாடு காக்கிறான். கல்யாணம் ஆன கையோடு மாமனாரின் மாடுகளைக் கொள்ளையர் ஓட்டிப்போன செய்தி வருகிறது. போய்ச் சண்டையிட்டு ஜெயிக்கிறான், ஒளிந்திருந்த ஒருவன் குத்திச் செத்துப்போகிறான். பெண்கள் இருவரும் சிதையில் ஏறுகிறார்கள்.

இந்த வீரன் வளர்ந்தானா என்று கேட்டால், காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் இருக்கும் பட்டவராயன் சன்னதியைப் பார்த்தால் போதும். பக்தர்கள் அங்கே காணிக்கையாகக் கொடுப்பது தோல் செருப்பு. அவன் பிறந்த குலத்தின் அடையாளம் எதையும் கொடுப்பதில்லை. காதலுக்காக அவன் கற்றுக்கொண்ட தொழில் அவனுக்குக் காணிக்கையாகிவிட்டது. அவன் மாறியதைத்தான் மக்கள் கும்பிடுகிறார்கள்.

மாறுவதைப் பொறுக்காதவர்கள் இங்கேயும் இருந்தார்கள். இந்தக் கதையைத் தேடிப் பதிப்பித்த நா. வானமாமலை, பிற்கால வடிவங்களில் அந்தப் பெண்களைப் பிறப்பால் பிராமணக் குழந்தைகள், வாலப்பகடை எடுத்து வளர்த்தவர்கள் என்று மாற்றிவிட்டதைச் சுட்டிக்காட்டினார். மெஃபிஸ்டோ செய்த வேலையேதான். கல்யாணம் நடந்தது, ஆனால் அதில் இருந்த மாற்றத்தை மட்டும் சத்தமில்லாமல் உருவிவிட்டார்கள். அப்படியும் செருப்புக் காணிக்கை நிற்கவில்லை.

எல்லாக் கதைக்கும் வளர்ச்சி வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் மலையாளம் வாசிக்கும் வீடுகளில் டோம்ஸ் வரைந்த போபனும் மோளியும் தலைமுறை தாண்டிச் சிரிக்க வைத்தார்கள். அந்த இரட்டைப் பிள்ளைகள் வளராமல் இருந்ததுதான் சரி. அது சிரிப்புப் படம். ஒரு பக்கத்தில் முடிந்துவிடும், யாரும் சாக மாட்டார்கள். சூப்பர்ஹீரோ கதை அப்படி இல்லையே. க்வென் ஸ்டேசியைச் சாகவிட்டு வாசகனை அழவைத்தீர்கள். அந்தச் சாவு நிஜம் என்றால் அதற்குப் பிறகு வந்த கல்யாணமும் நிஜமாக இருக்க வேண்டும். துக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு சந்தோஷத்தை அழிப்பது என்ன நியாயம்?

வளரவிட்டுப் பார்த்த இடங்களில் என்ன நடந்தது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. பேட்மேனின் உதவியாளன் ராபினாக 1940-ல் வந்த டிக் கிரேசன், 1984-ல் நைட்விங் என்ற பெயரில் தனி ஆளானான். ராபின் வேஷம் வேறு பிள்ளைகளுக்குப் போனது. இங்கிலாந்தின் காமிக்ஸ் நாயகன் ஜட்ஜ் ட்ரெட்டுக்கு 1977-லிருந்து வாசகனோடு சேர்ந்தே வயதாகிறது. எனக்கு மனசுக்கு நெருக்கமானது வாலி வெஸ்டின் கதை. 1985-ல், மின்னல் வேகத்தில் ஓடும் வீரன் ஃப்ளாஷாக இருந்த பாரி ஆலன் உலகத்தைக் காப்பாற்றிச் செத்தான். அவனுடைய உதவியாளப் பையன் வாலி அந்தச் சிவப்பு உடையைப் போட்டுக்கொண்டான். முதலில் அவன் அதற்குத் தகுதியானவனாகவே இல்லை. வருடக்கணக்கில் தடுமாறி, லிண்டா பார்க்கைக் கல்யாணம் செய்து, இரட்டைப் பிள்ளைகளுக்குத் தகப்பனாகி அந்தப் பெயருக்கு உரியவனானான். அவனோடு வளர்ந்த ஒரு தலைமுறைக்கு ஃப்ளாஷ் என்றால் வாலிதான். 2008-ல் பாரியை உயிர்ப்பித்தார்கள். 2011-ல் எல்லாவற்றையும் ஆதியிலிருந்து தொடங்கியபோது வாலியின் குடும்பமே காணாமல் போனது. வாசகர்கள் வருடக்கணக்கில் விடாமல் கேட்டார்கள். 2021-ல் மனைவி மக்களோடு அவன் திரும்பி வந்து மறுபடி ஃப்ளாஷ் ஆனான்.

ஸ்பைடர்மேனிலும் அதுவே நடந்தது. பத்திரிகைகளில் தினமும் வந்த ஸ்பைடர்மேன் படக்கதையில் சாத்தானின் பேரம் நிலைக்கவில்லை, பீட்டரும் மேரி ஜேனும் 2019 வரை தம்பதிகளாகவே இருந்தார்கள். 2024-ல் மார்வெலே வேறு ஓர் உலகத்தை வைத்துப் புதிய தொடர் தொடங்கியது. ஜோனதன் ஹிக்மன் எழுத்து, மார்கோ கெக்கெட்டோ ஓவியம். அதில் பீட்டர் முப்பதைத் தாண்டியவன், மேரி ஜேனுக்குக் கணவன், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. எல்லாம் ஆன பிறகுதான் சிலந்தி கடிக்கிறது. முதல் இதழைத் திரும்பத் திரும்ப அச்சடிக்க வேண்டிவந்தது. கல்யாணம் ஆனவன் கதையை யார் வாங்குவார்கள் என்று 2007-ல் கேட்ட நிறுவனம், அதை விற்று லாபம் பார்த்தது. ஆனால் பிரதான உலகத்தில் அந்தக் கல்யாணத்தை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. மாற்று உலகத்தில் வாழ்ந்துகொள், இங்கே வேண்டாம் என்பது பாதி விடுதலைதான்.

இதில் ஒரு தேதி முக்கியம். 2034 ஜனவரி 1-ம் தேதி 1938-ன் சூப்பர்மேன் அமெரிக்கச் சட்டப்படி பொதுச்சொத்தாகிறான். அடுத்த வருடம் பேட்மேன். பிற்காலத்தில் சேர்ந்த விஷயங்களுக்கும் முத்திரைக்கும் நிறுவனத்தின் உரிமை தொடரும். ஆனால் அந்த முதல் சூப்பர்மேனுக்கும், கூடவே வந்த காதலி லோயிஸ் லேனுக்கும் யார் வேண்டுமானாலும் கதை எழுதலாம். நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் காந்தியின் கதையையே வில்லில் ஏற்றிப் பாடினார், புதிய வீரர்கள் அந்த வில்லுக்குப் புதிதல்ல. தென் குமரியின் அண்ணாவி ஒருவர் அன்றைக்குச் சூப்பர்மேனான கிளார்க் கெண்டின் கதையைக் கையில் எடுத்தால், கிரிப்டானில் பிறப்பு, கன்சாஸ் வயல்காட்டில் வளர்ப்பு என்று தொடங்க நினைப்பார். கிரிப்டான் என்ற பெயரும் கன்சாஸும் பின்னால் சேர்ந்தவை, அவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். லோயிஸோடு கல்யாணம், பிள்ளைகள், முதுமை, சாவு எல்லாம் அவர் இஷ்டம். அதற்கு எந்த ஆசிரியரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.